வைகைப் படுகையில் வறட்சியை எதைக் கொண்டு அளப்பது? மழைப் பதிவும் நீரோட்டப் பதிவும்

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். முல்லைப் பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது; சுரங்கம் வழியே கிழக்கே திரும்பிய நீரால் வைகை அணைக்கும் வரத்து இருந்தது. அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழையோ தமிழ்நாட்டில் இயல்பைவிட 24 விழுக்காடு குறைந்துபோனது. அந்த ஆண்டில் வைகைப் படுகையில் வறட்சி இருந்ததா என்று கேட்டால், அணைக்கு வரும் நீரை அளப்பவர் இல்லை என்பார். மானாவாரிப் பயிரையும் மழையை நம்பிய கண்மாயையும் பார்ப்பவர் இருந்தது என்பார். இருவரிடமும் பதிவேடு இருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை.

2016 அப்படியல்ல. கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை 34 விழுக்காடும், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடும் குறைந்தன. 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இப்படி இரு பக்கமும் கைவிட்ட ஆண்டில் எந்தக் குறியீட்டை எடுத்தாலும் வறட்சி என்றே காட்டும். ஒரு குறியீடு தேறுமா தேறாதா என்பது 2018 போன்ற ஆண்டில்தான் தெரியும்.

படுகை அளவில் வறட்சியைக் கணிக்க வேண்டிய பொறியாளர், வேளாண் அலுவலர், பாசனச் சங்கப் பொறுப்பாளர், ஆய்வு மாணவர் ஆகியோருக்காக, கைக்கு எட்டும் வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வைகையில் மழைப் பதிவை மட்டும் வைத்துத் தொடங்கலாம், நீரோட்டப் பதிவை மட்டும் வைத்துத் தொடங்கவே கூடாது. அணைக்குக் கீழே ஆற்றில் ஓடுவது மழை கொடுத்த நீர் அல்ல, மதகு கொடுத்த நீர்.

படுகையின் அமைப்பு

வருசநாட்டு மலைகளில் பிறந்து சுமார் 258 கிலோமீட்டர் ஓடும் வைகையின் படுகை ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டர். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் அது விரிகிறது. சுருளியாறு, கொட்டக்குடியாறு, வராகநதி, மஞ்சளாறு முதலியவை மேல்படுகையின் துணையாறுகள். ஆண்டிபட்டி அருகே 1959இல் கட்டி முடித்த வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி, அதாவது ஆறு டி.எம்.சி.க்குச் சற்று மேல். அணைக்குக் கீழே பேரணை, விரகனூர், பார்த்திபனூர் மதகணைகளில் நீர் பிரிந்து, மிஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கிப் போகிறது.

இந்தப் படுகைக்கு இரண்டு வானங்கள். தனக்குச் சொந்தமான மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. பெரியாற்று நீர்ப்பிடிப்பிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பெருமழை. அந்த நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வருகிறது. இன்று அது லோயர் கேம்ப் மின்நிலையத்தைத் தாண்டி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குக் கொடுத்தது போக, வைகை அணையைச் சேர்கிறது. ஆக, அணையின் வரத்துப் பதிவில் இரண்டு படுகைகளின் மழை கலந்து கிடக்கிறது. வெளியிலிருந்து நீர் வராத ஆறுகளுக்காக எழுதப்பட்ட வழிமுறைகளை அப்படியே இங்கே பொருத்தினால் தப்பான விடைதான் வரும்.

மழை: விழுக்காட்டுக் குறைவா, எஸ்.பி.ஐ.யா?

எல்லோரும் அறிந்த அளவுகோல் விழுக்காட்டுக் குறைவு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் இயல்பிலிருந்து 19 விழுக்காடு வரை ஏறினாலும் இறங்கினாலும் அது இயல்பு மழை. 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை. 60 முதல் 99 வரை குறைந்தால் பெரும் பற்றாக்குறை. கணக்கு எளிது, செய்தித்தாளில் போடலாம், எவருக்கும் புரியும். அதன் குறை, எல்லா இடத்து மழையும் ஒரே அளவுக்கு ஏறி இறங்கும் என்று வைத்துக்கொள்வது. மதுரைச் சமவெளியின் வடகிழக்குப் பருவமழை ஆண்டுக்கு ஆண்டு துள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்மேற்குப் பருவமழை அவ்வளவு துள்ளாது.

தரப்படுத்திய மழைப்பொழிவுக் குறியீடு, சுருக்கமாக எஸ்.பி.ஐ., இந்தக் குறையைத் தீர்க்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கீ, டோஸ்கென், கிளைஸ்ட் மூவரும் 1993இல் இதை முன்வைத்தார்கள். எத்தனை விழுக்காடு குறைந்தது என்று கேட்காமல், இவ்வளவு குறைவான மழை இந்த இடத்தில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று கேட்கிறது. -1 முதல் -1.49 வரை மிதமான வறட்சி, -1.5 முதல் -1.99 வரை கடும் வறட்சி, -2க்குக் கீழே மிகக் கடும் வறட்சி.

கணக்கிடும் முறை இது. குறைந்தது 30 ஆண்டு அக்டோபர்–டிசம்பர் மொத்தங்களை ஒரு வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் சராசரியைக் கண்டு அதன் இயல் மடக்கையை எடுங்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டின் மழைக்கும் தனித்தனியே இயல் மடக்கை எடுத்து, அவற்றின் சராசரியை முன்னதிலிருந்து கழியுங்கள். வரும் எண் 'அ'. காமா பரவலின் வடிவ எண் = (1 + √(1 + 4அ/3)) ÷ 4அ. சராசரியை வடிவ எண்ணால் வகுத்தால் அளவு எண். இந்த இரண்டும் கிடைத்தால் இந்த ஆண்டு மழைக்கான திரள் நிகழ்தகவை, அதாவது இந்த அளவோ அதைவிடக் குறைவாகவோ பெய்வதற்கான வாய்ப்பை, எக்செலே தந்துவிடும். அதை இயல்நிலைப் பரவலின் மதிப்பாக மாற்றினால் அதுதான் எஸ்.பி.ஐ.

கணக்குக்காக எடுத்த இரண்டு எண்களைப் பாருங்கள். ஒரு சமவெளி நிலையத்தில் பருவ சராசரி 380 மி.மீ., வடிவ எண் 4, அளவு எண் 95. இந்த ஆண்டு பெய்தது 150 மி.மீ. விழுக்காட்டுக் கணக்கில் 60க்குச் சற்று மேல் குறைவு, ஆகவே பெரும் பற்றாக்குறை. எஸ்.பி.ஐ.யில் திரள் நிகழ்தகவு 0.076, குறியீடு -1.43. மிதமான வறட்சிதான், ஏறத்தாழ 13 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது. இன்னொரு நிலையம் மலையில்: பருவ சராசரி 1,000 மி.மீ., வடிவ எண் 25, அளவு எண் 40. பெய்தது 600 மி.மீ. விழுக்காட்டில் 40தான் குறைவு, வெறும் பற்றாக்குறை. எஸ்.பி.ஐ. அதை -2.28 என்கிறது. ஏறத்தாழ 90 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரக்கூடிய மழை அது. விழுக்காட்டை மட்டும் பார்க்கும் குழு சமவெளிக்கு ஓடும், மலையை விட்டுவிடும். வைகையைப் போல மலையும் சமவெளியும் ஒரே படுகையில் இருக்கும் இடத்தில் எஸ்.பி.ஐ.யைத் தவிர்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

ஆனால் எஸ்.பி.ஐ. அரிதானதா என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை மில்லிமீட்டர் பற்றவில்லை என்று சொல்லாது. 13 ஆண்டுக்கு ஒருமுறைதான் என்றாலும் 150 மி.மீ. மழையில் பயிர் கருகத்தான் செய்யும். அதனால் எஸ்.பி.ஐ. எண்ணுக்குப் பக்கத்திலேயே மழையளவையும் எழுதும் பழக்கம் நல்லது.

கால அளவும் வறண்ட மாதங்களும்

எஸ்.பி.ஐ.யை ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு, பன்னிரண்டு என எந்தக் கால அளவுக்கும் போடலாம். தவறு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. டிசம்பர் முடிவில் மூன்று மாத எஸ்.பி.ஐ. போட்டால் அது முழு வடகிழக்குப் பருவத்தைத் தழுவி நிற்கிறது. வைகைச் சமவெளிக்கு இதைவிடப் பொருளுள்ள எண் வேறில்லை. மார்ச் முடிவில் அதே மூன்று மாத எண்ணைப் போட்டால் ஜனவரி–மார்ச் மழையைத்தான் அளக்கும். அந்த மாதங்களில் மழை இயல்பாகவே சொற்பம். ஒரு கோடை இடி மழை குறியீட்டை +1.5க்குத் தூக்கிவிடும், கண்மாயில் ஒரு சொட்டு சேராமலே.

பிப்ரவரியில் ஒரு மாத எஸ்.பி.ஐ. இன்னும் மோசம். கடந்த ஆண்டுகளில் 40 விழுக்காட்டுப் பிப்ரவரிகள் மழையே இல்லாதவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிப்ரவரியிலும் மழை இல்லை. சுழியைக் கையாளும் வழக்கமான சூத்திரப்படி திரள் நிகழ்தகவு 0.4, குறியீடு -0.25. அதற்குக் கீழே அது இறங்கவே முடியாது. அதாவது அந்த மாதத்தில் அந்தக் குறியீட்டால் வறட்சியைக் காட்டவே இயலாது. ஜனவரியிலிருந்து மே வரை ஒரு மாத, மூன்று மாத எண்களை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆறு மாத, பன்னிரண்டு மாத எண்களை மட்டும் பாருங்கள்.

வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளும் எஸ்.பி.இ.ஐ. 2010இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் விசென்டே செரானோவும் உடனாளர்களும் வெளியிட்டது. மழையிலிருந்து ஆவியாகக்கூடிய நீரைக் கழித்து, மிஞ்சியதைத் தரப்படுத்துகிறது. நீண்டகால வெப்ப ஏற்றத்தை ஆராய்பவர்களுக்கு இது தேவை. டிசம்பர் முடிவில் உழவருக்கு என்ன சொல்வது என்று தீர்மானிக்கப் பெரிதாக உதவாது. பருவத்தின் துள்ளலில் பெரும்பங்கு மழையுடையதே என்பதால் இரண்டு குறியீடுகளும் அருகருகே நிற்கும். மே மாதத்திலோ ஆவியளவு மழையை விழுங்கிவிடுவதால், குறியீடு பெரும்பாலும் வெப்பமானியின் ஏற்ற இறக்கத்தையே காட்டும். ஆவியளவைக் கணக்கிட, சராசரி வெப்பநிலையை மட்டும் கேட்கும் தார்ன்த்வைட் முறையைத் தவிருங்கள். உச்ச, குறைந்த வெப்பநிலை இருந்தால் ஹார்கிரீவ்ஸ் முறை போதும். காற்று, ஈரப்பதம், வெயில் பதிவுகளும் இருந்தால் பென்மன்–மான்டீத்.

மழைப் பதிவைச் சலிப்பது

சூத்திரத்தில் பிழை நுழைவது அபூர்வம். பதிவேட்டில் தினம் நுழையும். முதல் எதிரி, பதிவில்லாத நாளைச் சுழி என்று எழுதுவது. அளப்பவர் விடுப்பில் போன நவம்பர் வாரம் தட்டச்சாகும்போது 0 ஆகிவிட்டால், கணினி அதை வறட்சி என்றே எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் அண்டை மூன்று நிலையங்களின் அதே நாள்களைப் பாருங்கள். மூன்றிலும் 40, 60 மி.மீ. என்று பெய்திருக்க, இங்கே மட்டும் ஏழு நாள் தொடர்ந்து சுழி என்றால் அது மழையின்மை அல்ல, பதிவின்மை. அந்த நாள்களை வெற்றிடமாக்கி, அண்டை நிலையங்களின் மழையை நீண்டகாலச் சராசரி விகிதப்படி பெருக்கி நிரப்ப வேண்டும். பருவ நாள்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் வெற்றிடம் என்றால் அந்த ஆண்டையே அந்த நிலையத்தில் விட்டுவிடுவது மேல்.

அடுத்தது இடமாற்றம். பழைய தாலுகா அலுவலக வளாகத்தில் இருந்த மழைமானி புதுக் கட்டடத்துக்குப் போயிருக்கும். அல்லது அருகே வேப்பமரம் வளர்ந்து பாதி மழையை மறைத்திருக்கும். அந்த நிலையத்தின் ஆண்டு மழையைக் கூட்டிக்கொண்டே போய், அண்டை நிலையங்களின் சராசரிக் கூட்டுத்தொகைக்கு எதிரே வரைபடத்தில் போடுங்கள். நேர்கோடு ஓர் ஆண்டில் முறிந்து வேறு சாய்வில் போனால், அந்த ஆண்டில் மாறியது வானம் அல்ல, கருவி.

மூன்றாவது, நிலையங்களின் பரவல். தீசன் பலகோண முறையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பரப்பளவுப் பங்கு பிரித்துச் சராசரி எடுப்பது வழக்கம். வைகையில் நிலையங்கள் சமவெளி ஊர்களில் நெருக்கமாகவும், வருசநாடு, மேகமலைப் பக்கம் அரிதாகவும் இருக்கின்றன. அடிவாரத்து மழைமானி ஒன்றே மலை முழுவதற்கும் பேச வேண்டிவரும். நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து மழையைத் தரும் வானிலைத் துறையின் 0.25 பாகைக் கட்டத் தரவு 1901 முதல் நாள்வாரியாகக் கிடைக்கிறது, வெற்றிடம் இல்லை. ஆனால் ஒரு கட்டம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் அகலம். மலையின் மழைப் பக்கமும் மழை மறைவுப் பக்கமும் அதற்குள் ஒன்றாகிவிடும். நீண்ட வரலாற்றுக்குக் கட்டத் தரவு, இந்த ஆண்டு முடிவுக்கு நிலையத் தரவு என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே வரிசையில் ஒட்டக் கூடாது. 2000 வரை ஒன்று, அதன்பின் மற்றொன்று என்று ஒட்டிய வரிசையில் தெரியும் 'போக்கு' பெரும்பாலும் ஒட்டின் தடம்.

நீரோட்டம்: எஸ்.டி.ஐ.யும் அதன் பொறிகளும்

நீரோட்ட வறட்சிக் குறியீட்டை, எஸ்.டி.ஐ.யை, கிரேக்க ஆய்வாளர்கள் நல்பான்டிஸும் சகிரிஸும் 2009இல் முன்வைத்தார்கள். நீராண்டின் (நீர்க் கணக்குக்காக வகுத்த பன்னிரண்டு மாதத்தின்) தொடக்கத்திலிருந்து மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாதங்களில் ஓடிய மொத்தக் கன அளவை எடுத்து, தேவைப்பட்டால் மடக்கையாக்கி, சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுப்பதுதான் முறை. சுழிக்குக் கீழே போனால் வறட்சி; -1, -1.5, -2 எல்லைகள் எஸ்.பி.ஐ. போலவே.

அவர்களுடைய நீராண்டு அக்டோபரில் தொடங்குகிறது. மத்தியதரைக் கடல் நாட்டுக்கு அது சரி. வைகையில் அதையே வைத்தால் வடகிழக்குப் பருவம் முதல் காலாண்டில் அழகாக அமர்ந்துவிடும். ஆனால் பெரியாற்றின் ஜூன்–செப்டம்பர் நீர் ஆண்டின் கடைசிக்குப் போய்விடும். உண்மையில் அந்த நீர்தான் அடுத்து வரும் பாசனப் பருவத்துக்குக் கைமுதல். ஜூனில் தொடங்கி, ஜூன்–செப்டம்பர், ஜூன்–டிசம்பர், ஜூன்–மே என்று மூன்று கூட்டுத்தொகைகள் வைத்துக்கொள்வது இந்தப் படுகைக்குப் பொருந்தும்.

இனி முக்கியமான வேலை: கலப்பைப் பிரிப்பது. ஒரு நவம்பர் மாதத்தில் வைகை அணைக்குச் சராசரியாக விநாடிக்கு 1,050 கன அடி வருகிறது என்று வைப்போம். பெரியாற்றிலிருந்து விட்டது 900. நேராகக் கழித்தால் வைகையின் சொந்த நீர் 150 கன அடி. ஆனால் விட்ட 900இல் 200 கன அடியைக் கம்பம் பள்ளத்தாக்கு வாய்க்கால்களும் குடிநீர்த் திட்டங்களும் வழியிலேயே எடுத்துக்கொண்டிருந்தால், அணைக்கு வந்த பெரியாற்று நீர் 700தான். சொந்த நீர் 350. இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபாடு. அந்த மாத வரிசையின் மடக்கைத் திட்ட விலக்கம் 0.8 என்றால், 350ஐ 150 என்று எழுதியதால் மட்டும் குறியீடு 1.06 இறங்கும். இயல்பான மாதம் மிதமான வறட்சியாகிவிடும், ஒரு துளி மழை குறையாமலே. வாய்க்கால் எடுப்புப் பதிவு இல்லாமல் இந்தக் கழித்தலைச் செய்ய வேண்டாம். வழியில் மணலில் இறங்கும் நீரும் உண்டு. வறண்ட ஆற்றில் முதல் திறப்பின்போது அது மிக அதிகம், ஆறு நனைந்த பிறகு குறையும். ஆகவே ஆண்டு முழுவதும் ஒரே இழப்பு விழுக்காடு போடுவதும் பிழை.

அணை வரத்தே நேரடியாக அளந்ததா, கணக்கில் வந்ததா என்றும் கேளுங்கள். பல அணைகளில் அது இருப்பு மாற்றத்தோடு திறப்பையும் ஆவியிழப்பையும் கூட்டிக் கண்ட எண். மட்டத்தில் அரை அங்குலம் தவறாகப் படித்தால் அன்றைய வரத்து தாறுமாறாகும், சில நாள் எதிர்ம எண்கூட வரும். பத்து நாள் கூட்டுத்தொகைக்கு மேல் எடுத்தால் இந்தப் பிழை கரைந்துவிடும், நாள்வாரியாகப் பயன்படுத்தாதீர்கள்.

பெரியாற்று நீர் கலக்காத துணையாற்றில் ஓர் அளவீட்டு நிலையம் கிடைத்தால் அது பொன்னுக்குச் சமம். 20 ஆண்டுப் பதிவே இருந்தாலும், பிரிக்க முடியாத 50 ஆண்டு அணை வரத்தைவிட அதற்கு முதலிடம் கொடுங்கள். அங்கேயும் ஒன்று பார்க்க வேண்டும். ஆற்று நிலையங்கள் தினமும் அளப்பது நீர்மட்டத்தை, ஓட்டத்தை அல்ல. மட்டத்தை ஓட்டமாக்க ஓர் உறவுக்கோடு உண்டு. மணல் அள்ளியதாலோ வெள்ளத்தாலோ படுகை 30 செ.மீ. தாழ்ந்துவிட்டால், அதே ஓட்டத்துக்கு மட்டம் குறைவாகத் தெரியும். பழைய கோட்டைப் பயன்படுத்துபவர் ஆறு வற்றுகிறது என்று எழுதுவார். நீரோட்டமானியை இறக்கி நேரில் அளந்த ஓட்டங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஆண்டுவாரியாகப் புள்ளியிட்டுப் பாருங்கள். புள்ளிகள் கோட்டைவிட்டு ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் கோட்டைப் புதுப்பிக்காமல் குறியீடு போடக் கூடாது.

விரகனூருக்குக் கீழே நிலைமை வேறு. ஆண்டில் பல மாதம் ஓட்டமே இல்லை. சுழிக்கு மடக்கை கிடையாது, எஸ்.டி.ஐ. அங்கேயே நின்றுவிடும். சிலர் சுழிக்குப் பதில் 0.01 போட்டுக் கணக்கை ஓட்டுகிறார்கள். அந்த 0.01தான் பிறகு விடையைத் தீர்மானிக்கிறது, 0.001 போட்டால் வேறு விடை. பார்த்திபனூர்ப் பக்கம் மேலான அளவுகோல், தொடர்ந்து ஓட்டமில்லாத நாள்களின் எண்ணிக்கையும், நீர் திறந்துவிட்ட நாளிலிருந்து முதல் நீர் வந்துசேர எத்தனை நாள் ஆனது என்பதும்.

வாசல் மட்ட முறை

எஸ்.டி.ஐ.யைவிடப் பாசன அதிகாரிக்கு உடனே கைகொடுப்பது வாசல் மட்ட முறை. யெவ்ஜெவிச் 1967இல் வகுத்த கருத்து இது. ஓட்டம் ஒரு குறித்த மட்டத்துக்குக் கீழே போனால் பற்றாக்குறை தொடங்குகிறது. மேலே ஏறினால் முடிகிறது. மட்டமாக, ஆண்டுகளின் 80 விழுக்காட்டு நாள்களில் எட்டப்படும் ஓட்டத்தை மாதவாரியாக எடுப்பது வழக்கம். நவம்பருக்கு அது 200 கன அடி என்றும், இந்த நவம்பரில் 25 நாள் 120 கன அடிதான் ஓடியது என்றும் வைப்போம். 80 × 86,400 × 25 = 172.8 மில்லியன் கன அடி குறைவு. 20 மில்லியன் கன அடிக் கண்மாய் எட்டு நிரம்பி, ஒன்பதாவது பாதியைத் தாண்டும் அளவு நீர் அது. -1.43 என்ற எண்ணைக் கூட்டத்தில் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். எட்டுக் கண்மாய் நீர் என்றால் எந்த எட்டு என்ற கேள்வி உடனே எழும்.

இதன் பொறி, நடுவே ஒருநாள் மழையில் ஓட்டம் ஏறி மறுநாள் இறங்கினால் ஒரே வறட்சி இரண்டாக உடைவது. 30 நாள் நகரும் சராசரியை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகும். ஐந்து நாளுக்குக் குறைந்த இடைவெளிகளை இணைத்துவிடலாம். சுழி ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் 80 விழுக்காட்டு மட்டமே சுழி ஆகிவிடும். அங்கே இந்த முறையும் பயன்படாது.

அணை இருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வைகை அணை 50 அடிக்கு வந்துவிட்டது என்ற செய்தியை வறட்சி அளவாக எடுக்கக் கூடாது. அடி என்பது கன அளவு அல்ல. மேல்மட்டத்தில் ஓரடிக்குள் நிற்கும் நீர், அடிமட்டத்தில் ஓரடிக்குள் நிற்பதைவிடப் பன்மடங்கு. மேலும் இருப்பு என்பது போன மாதம் மதகைத் திறக்க எடுத்த முடிவின் விளைவும்கூட. இனி எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிட இருப்பு வேண்டும். வறட்சி வந்ததா என்று தீர்மானிக்க அல்ல.

எந்த முடிவுக்கு எது

இந்திய அரசின் 2016 வறட்சி மேலாண்மைக் கையேடு முதல் தூண்டுகோலாக மழைக் குறைவையும் எஸ்.பி.ஐ.யையும் வைக்கிறது. அதைத் தாண்டிய பிறகே பயிர்ப் பரப்பு, செயற்கைக்கோள் பயிர்ப்பசுமை, மண் ஈரம், நீரியல் என்ற தாக்கக் குறியீடுகளைப் பார்க்கச் சொல்கிறது. நீரியலுக்குள் நீரோட்டமும் அணை இருப்பும் நிலத்தடி நீரும் அடங்கும். பிறகு பத்து விழுக்காட்டுக் கிராமங்களில் நேரடிக் கள ஆய்வு. காரிஃப் பருவ அறிவிப்புக்கு அக்டோபர் 30, ரபிக்கு மார்ச் 31 கெடு. வைகைக்கு அக்டோபர் 30 பொருந்தாத நாள். பருவமழை அப்போதுதான் தொடங்கியிருக்கும். ஜனவரி முதல் வாரத்திலேயே டிசம்பர் முடிவு எஸ்.பி.ஐ.யைத் தயாராக வைத்திருந்தால், மார்ச் கெடுவுக்கு முன் கள ஆய்வுக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் கிடைக்கிறது. அதற்குள் சம்பா அறுவடைக் கணக்கும் வந்துவிடும்.

மானாவாரி நிவாரணத்துக்கும் மழை நம்பிய கண்மாய்களுக்கும் டிசம்பர் முடிவு மூன்று மாத எஸ்.பி.ஐ.; வட்டாரவாரியாக, மழையளவோடு. இதில் நீரோட்டத்துக்கு இடமே இல்லை. பெரியாறு–வைகை ஆயக்கட்டில் எத்தனை ஏக்கருக்கு, எத்தனை முறை நீர் விடுவது என்ற முடிவுக்கு, பெரியாற்று நீர்ப்பிடிப்பின் செப்டம்பர் முடிவு நான்கு மாத எஸ்.பி.ஐ., இரு அணைகளின் கன அளவு இருப்பு, மேல்படுகையின் பிரித்தெடுத்த ஓட்டத்தில் போட்ட எஸ்.டி.ஐ. ஆகிய மூன்றும் சேர வேண்டும். கோடைக் குடிநீர்த் திட்டத்துக்குப் பன்னிரண்டு மாத எஸ்.பி.ஐ.யும், டிசம்பருக்குப் பிந்தைய ஓட்டத்தின் வாசல் மட்டக் குறைவும். ராமநாதபுரம் பக்கம் வாலாயக்கட்டு ஊர்களுக்கு (பாசனத்தின் கடைக்கோடியில் உள்ளவை), தம் ஊர் மழையின் எஸ்.பி.ஐ.யைத் தனியாகப் போடுவதே நியாயம்; படுகைச் சராசரியில் அவர்களின் குறை மலை மழைக்குள் மறைந்துவிடும்.

மழைக் குறைவு ஓட்டக் குறைவாக மாற எவ்வளவு காலமாகிறது என்பதையும் ஒருமுறை கணக்கிட்டு வையுங்கள். ஒரு மாத ஓட்டக் குறியீட்டை ஒன்று முதல் பன்னிரண்டு மாதம் வரையான எஸ்.பி.ஐ.களோடு தனித்தனியே ஒப்பிட்டு, எந்தக் கால அளவோடு உறவு அதிகம் என்று பாருங்கள். இதை மாதவாரியாகச் செய்ய வேண்டும். எல்லா மாதத்தையும் ஒன்றாகக் கொட்டினால் நவம்பரின் விரைவான ஓட்டமும் மார்ச்சின் ஊற்று ஓட்டமும் கலந்து, எதற்கும் பொருந்தாத ஒரு சராசரி வரும். நவம்பரில் ஓரிரு மாத எஸ்.பி.ஐ.யும், பிப்ரவரியில் நான்கைந்து மாத எஸ்.பி.ஐ.யும் மேலோங்கி வந்தால் உங்கள் பதிவு நம்பத்தக்கது. அணைக்குக் கீழே இந்த உறவு எந்தக் கால அளவிலும் தெளிவாக எழாது. எழாவிட்டால் தரவில் பிழை என்று தேட வேண்டாம். மதகின் கை அது.

வறட்சி முடிந்தது என்று எப்போது சொல்வது? மெக்கீயின் விதிப்படி, -1ஐத் தொட்டுத் தொடங்கிய நிகழ்வு எஸ்.பி.ஐ. நேர்ம எண்ணாகும் மாதத்தில் முடிகிறது. நல்ல அக்டோபர் ஒன்று வந்தாலே மூன்று மாத எண் மேலேறிவிடும். ஆனால் காய்ந்த கண்மாய்ப் படுகையும் மணலும் கிணறும் குடித்த பிறகே ஆற்றில் நீர் நிற்கும். நிவாரணத்தை நிறுத்த மூன்று மாத எஸ்.பி.ஐ. ஒன்றே போதாது. பன்னிரண்டு மாத எஸ்.பி.ஐ. சுழியைத் தாண்டி, பிரித்தெடுத்த ஓட்டம் தொடர்ந்து இரண்டு மாதம் வாசல் மட்டத்துக்கு மேல் நின்றால் மட்டும் முடிவு என்று விதி எழுதிக்கொள்ளுங்கள். அந்த விதியைப் பருவம் தொடங்குமுன், ஜூனிலேயே எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். ஜனவரியில் எண்கள் வந்த பிறகு எழுதினால், எந்த எண் யாருக்குத் தோதோ அந்த எண்ணே விதியாகிவிடும்.